முச்சலிக்காவும் முனியப்பன் கயிறும்

குடியை விட்டுவிடுவதாகக் கோயிலில் சத்தியம் செய்து, மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு வருகிறவர்கள் நம் நாட்டில் ஏராளமாய் இருக்கிறார்கள். கட்டின கயிற்றின் சாயம் வெளுப்பதற்குள் ஒரு கலியாணத்திலோ கருமாதியிலோ மறுபடியும் குடித்துவிட்டால் இவர்கள் செய்கிற காரியம் என்ன? வைத்தியரிடம் போவதில்லை, பெண்சாதியிடம் உண்மையைச் சொல்வதில்லை. சாமி கண்ணைக் குத்திவிடுமே என்று பயந்து பூசாரியிடம் ஓடுகிறார்கள். பூசாரி பரிகாரம் சொல்லுகிறான். அந்தப் பரிகாரத்தில் சேவலோடு ஒரு சாராயப் புட்டியும் சேர்ந்திருக்கும். குடித்த குற்றம் தீருவதற்கு முனியப்பனுக்குக் குடிக்கக் கொடுப்பதென்றால், இதைவிட வேடிக்கை உலகத்தில் வேறு உண்டா என்று கேட்கின்றோம்.

இந்தப் பைத்தியக்காரத்தனம் கோயிலோடு நின்று போயிருந்தால் நாம் இன்று இதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. ஆனால் இதே பயத்தையும் இதே பூசாரித் தேடலையும் நம் மக்கள் கோர்ட்டு விஷயத்திலும் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் நாம் சொல்ல வந்த சங்கதி. குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டு, இனிமேல் ஒழுங்காய் நடந்து கொள்ளுகிறேன் என்று கோர்ட்டில் முச்சலிக்கா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்த ஒருவர், அதன் நிபந்தனைகளில் ஒன்றில் தவறிப் போனால் என்ன செய்கிறார்? வக்கீலிடம் போவதற்குப் பதிலாக ஒளிந்து கொள்ளுகிறார். அல்லது கோர்ட்டு வாசலில் நிற்கும் தரகரிடம் போய்ப் பணத்தைக் கொட்டுகிறார். முன்னது சாமிக்குப் பயந்து ஒளிவது போன்றது; பின்னது பூசாரிக்குத் தட்சணை வைப்பது போன்றது. இரண்டினாலும் காரியம் கெடுமே ஒழிய ஆகாது.

இதைப் பெரும்பாக்கத்தை வைத்துச் சொல்லுவது பொருத்தமாயிருக்கும். சென்னை நகரத்துக்குள் கூவம், அடையாறு கரைகளில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த ஏழை மக்களை, சிறப்பாக 2015ஆம் வருஷத்து வெள்ளத்துக்குப் பிறகு, சர்க்கார் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்குள்ள எட்டு மாடிக் கட்டடங்களில் குடிவைத்தது. வீடு இங்கே, பிழைப்பு நகரத்திலே. ஆட்டோ, டாக்சி, சரக்கு வண்டி, சாமான் டெலிவரி என்று வண்டியை நம்பிப் பிழைக்கிறவர்கள் அநேகர். இவர்களுக்கு ஓட்டுநர் லைசென்ஸ் என்பது வெறும் அட்டையல்ல. அதுதான் அரிசி, பருப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம் எல்லாம். ஆகவே குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிற வழக்கு ஒன்று வந்தால், பணக்காரனுக்கு அது ஒரு நாள் அவமானம். பெரும்பாக்கத்துத் தொழிலாளிக்கு அது குடும்பத்தின் அடுப்பு.

இப்படிச் சொல்லுவதால் குடித்துவிட்டு ஓட்டுகிறவருக்கு நாம் பரிந்து பேசுவதாக யாரும் கருத வேண்டாம். ரோட்டில் நடந்து போகிறவனுக்கும் உயிர் ஒன்றுதான். இரவு வேலை முடிந்து மேடவாக்கம் ரோட்டில் நடந்து வரும் பெண்ணும் ஏழைதான். அவள்மீது ஏறுகிற வண்டியை ஓட்டினவர் ஏழை என்பதற்காக அவள் எலும்பு ஒட்டிக்கொள்ளாது. வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, கண்ணாடியில் மிளகாய் கட்டித் தொங்கவிட்டு விட்டால் குடித்த கண்ணுக்குப் பிரேக்கு தெரிந்துவிடுமா? ஆகையால் சட்டம் கடுமையாய் இருப்பதைப் பற்றி நமக்கு ஆட்சேபணை இல்லை. அந்தச் சட்டத்தில் குற்றவாளிக்கும் கொடுத்திருக்கிற உரிமை பணமுள்ளவனுக்கு மாத்திரம் பயன்பட்டு, பணமில்லாதவனுக்குத் தெரியாமலே போவதுதான் நம்முடைய ஆட்சேபணை.

முதலில் சட்டம் இன்னதென்று பார்ப்போம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்து வண்டி ஓட்டினால் குற்றம். 2019இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். அன்றியும், இரண்டாம் தடவை தண்டிக்கப்பட்டால் கோர்ட்டு லைசென்ஸையே ரத்துச் செய்ய வேண்டுமென்று 22ஆவது பிரிவு சொல்லுகிறது. இந்தக் குற்றம் ரோட்டிலேயே பணத்தைக் கட்டி ராஜியாக முடித்துக்கொள்ளக் கூடியதல்ல. கோர்ட்டுக்குப் போய்த்தான் தீர வேண்டும். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் வைத்தியப் பரிசோதனை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்பதும் அதே சட்டத்திலேயே இருக்கிறது.

தரகர் இதில் எதையும் சொல்லமாட்டார். “ஒத்துக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டுப் போ” என்பார். ஒத்துக்கொண்டால் அது குற்றத் தீர்ப்பு என்பதையும், அடுத்த தடவை பிடிபட்டால் இவர் பழைய குற்றவாளியாகி லைசென்ஸே போய்விடும் என்பதையும் எந்தத் தரகராவது சொன்னதுண்டா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க மாட்டான் என்று நம் ஜனங்களே பழமொழி சொல்லுகிறார்கள். சொல்லிவிட்டு மறுநாள் பூசாரியிடமே போய் நிற்கிறார்கள்!

நிற்க. நம் ஊரில் இந்த வழக்குகள் பெரும்பாலும் அபராதத்தோடு முடிந்து போகின்றன. ஆயினும் ஜெயிலுக்கு அனுப்பாமல் திருந்துவதற்கு அவகாசம் கொடுக்கிற ஏற்பாடு ஒன்றும் சட்டத்தில் உண்டு. சென்னை மாகாணத்தில் 1936ஆம் வருஷத்திலேயே இதற்கென்று தனிச்சட்டம் செய்யப்பட்டது. பிறகு 1958இல் இந்தியா முழுவதற்குமாகக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வந்தது. அதன் 4ஆவது பிரிவின்படி, கோர்ட்டு பொருத்தமென்று கருதினால், தண்டனையை அப்போதே விதிக்காமல், அதிகம் போனால் மூன்று வருஷத்துக்கு, கூப்பிட்ட போது வந்து தண்டனை பெறுவதாகவும் அதுவரை ஒழுங்காய் நடப்பதாகவும் முச்சலிக்கா வாங்கிக் கொண்டு விட்டுவிடலாம். நன்னடத்தை அதிகாரியின் மேற்பார்வையிலும் வைக்கலாம். எங்கே குடியிருக்க வேண்டும், போதைப் பொருளைத் தொடக்கூடாது என்பன போன்ற நிபந்தனைகளைப் போடலாம் என்று சட்டமே வாய்விட்டுச் சொல்லுகிறது. அந்த அதிகாரி வேவு பார்க்கிறவர் மாத்திரமல்ல; தேவைப்பட்டால் தம் மேற்பார்வையில் உள்ளவருக்குத் தகுந்த வேலை தேடிக் கொடுக்க முயலுவதும் அவருடைய கடமையாகும்.

இந்த நன்னடத்தை ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரிந்தால் நம் தோழர்கள் சந்தோஷப்படுவார்கள். அவர் சட்ட நிபுணருமல்ல, மதகுருவுமல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பூட்ஸ் தைத்துப் பிழைத்த ஜான் அகஸ்டஸ் என்ற தொழிலாளி. 1841ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அவர் போலீஸ் கோர்ட்டுக்குப் போயிருந்தபோது, குடிகாரன் என்று பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட ஒருவனைத் தம் சொந்த ஜாமீனில் எடுத்தார். மூன்று வாரம் கழித்து அந்த ஆள் தெளிந்த முகத்தோடு கோர்ட்டுக்கு வந்து நின்றான். நீதிபதி ஒரு சென்ட் அபராதமும் கோர்ட்டுச் செலவும் விதித்து அனுப்பிவிட்டார். அதிலிருந்து 1859இல் சாகும்வரை ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்கு அந்தத் தோல் தொழிலாளி ஜாமீன் நின்றார். அவர் செத்து 19 வருஷத்துக்குப் பிறகு, 1878இல், மாசசூசெட்ஸ் மாகாணம் அவர் செய்ததைச் சட்டமாக்கியது. நம் நாட்டில் செருப்புத் தைக்கிறவரைத் தெருவுக்குள் விடலாமா கூடாதா என்று சாஸ்திரம் பேசிக் கொண்டிருந்த காலத்தில், அங்கே ஒரு செருப்புத் தைக்கிறவர் உலகத்துக்கே ஒரு சட்டம் கொடுத்தார். அந்தச் சட்டம் பிறந்ததே ஒரு குடிகாரனை மனிதனாய் நடத்தியதிலிருந்து என்பதை மறக்கக் கூடாது.

இனி முச்சலிக்கா முறிந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம். பெரும்பாக்கத்தில் ஒரு ஆட்டோக்காரத் தோழர் இப்படி வெளியே வந்திருக்கிறார் என்று பேச்சுக்கு வைத்துக் கொள்வோம். இரண்டு மாதம் நன்னடத்தை அதிகாரியைப் பார்க்கப் போகவில்லை. பயணச் செலவும் ஒரு நாள் கூலியும் போகிறதே என்று விட்டுவிட்டார். அல்லது ஒரு நாள் குடித்துவிட்டார். சம்மன் வருகிறது. வாங்காமல் ஓடுகிறார். வாரண்டு வருகிறது. மாமியார் ஊருக்குப் போய் ஒளிகிறார். ஜாமீன் நின்ற அண்ணனைக் கோர்ட்டு கூப்பிடுகிறது. அண்ணன் பெண்சாதி வந்து இவர் பெண்சாதியிடம் சண்டை போடுகிறாள். ஜாதகத்தைப் பார்த்து ஏழரைச் சனி என்கிறான் ஒருவன். சனிக்கு எள் தீபம் போட்டால் வாரண்டு திரும்பிப் போய்விடுமா?

அந்தச் சட்டத்தின் 9ஆவது பிரிவைப் படித்திருந்தால் இந்த ஓட்டம் தேவையே இல்லை. நிபந்தனை தவறினதாகத் தெரிய வந்தால் கோர்ட்டு வாரண்டு போடலாம். அல்லது சம்மன் மாத்திரம் அனுப்பலாம். ஆள் வந்தவுடன் காவலில் வைக்கலாம். அல்லது ஜாமீனில் விடலாம். விசாரணை நடத்தித்தான் முடிவு செய்ய வேண்டும். தவறியது நிஜமென்று கண்டால் பழைய குற்றத்துக்குத் தண்டனை விதிக்கலாம். ஆனால், முதல் தடவை தவறியதாயிருந்தால், முச்சலிக்காவை அப்படியே தொடரவிட்டு 50 ரூபாய்க்கு மேற்படாத தொகையை மாத்திரம் அபராதமாகப் போட்டு விடவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அன்பர்களே, ஆறு மாத ஜெயிலுக்கும் 50 ரூபாய்க்கும் நடுவில் இருப்பது என்ன? விதியா, சனியா, முனியப்பனா? கோர்ட்டில் எழுந்து நின்று, இவர் ஏன் தவறினார், இப்போது என்ன செய்கிறார் என்று எடுத்துச் சொல்லுகிற ஒரு வக்கீல்தான் இருக்கிறார்! ஒளிந்து கொண்டவருக்காக யார் எழுந்து நின்று பேசுவது?

வக்கீல் செய்யக்கூடிய காரியம் இன்னும் உண்டு. போகிற தூரமும் வேலை நேரமும் ஒத்துவராததால் நிபந்தனையை நிறைவேற்ற முடியவில்லையென்றால், அதை மாற்றித் தரும்படி 8ஆவது பிரிவின்படி கேட்கலாம். இதைத் தவறுவதற்கு முன்னமே கேட்பதுதான் புத்திசாலித்தனம். தவறியது அதிகாரியைப் பார்க்கப் போகாததா, மறுபடியும் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதா என்பதும் ஒன்றல்ல. பின்னது புதுக்குற்றம், அதற்குத் தனி வழக்கு வரும். அதோடு பழைய குற்றத்துக்குத் தண்டனை விதிக்கப்பட்டால், நன்னடத்தையில் விடப்பட்டவருக்குக் குற்றத் தீர்ப்பின் தகுதிக்குறைவுகள் ஒட்டக்கூடாது என்று 12ஆவது பிரிவு கொடுத்திருந்த பாதுகாப்பும் போய்விடும். இதைத் தெரிந்து கொள்ளாமல் இரண்டு வழக்கிலும் ஒரே மூச்சில் “ஒத்துக்கொள்ளுகிறேன்” என்று சொல்லுவது தலையைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகும்.

“வக்கீலுக்குப் பணம் எங்கே?” என்று கேட்பீர்கள். இங்கேதான் நம் மக்களுக்குத் தெரியாத முக்கியமான விஷயம் இருக்கிறது. 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆவது பிரிவின்படி, தாழ்த்தப்பட்ட வகுப்பாரும் பழங்குடியினரும், பெண்களும், குழந்தைகளும், உடல் ஊனமுற்றவர்களும், தொழிற்சாலைத் தொழிலாளிகளும், காவலில் இருக்கிறவர்கள் யாராயிருந்தாலும் சரி, வருமானக் கணக்குப் பார்க்காமலே இலவசமாய் வக்கீல் பெற உரிமையுடையவர்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. பெரும்பாக்கத்துக் குடியிருப்பில் இருக்கிறவர்களில் மிகப் பலர் இந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்றில் வந்துவிடுவார்கள். தாலுகாவில் வட்டச் சட்டப் பணிகள் குழு உண்டு. ஜில்லாவில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். கோர்ட்டில் நிற்கும்போது மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்தே, “எனக்கு வக்கீல் வைக்க வசதியில்லை, இலவச வக்கீல் வேண்டும்” என்று வாயைத் திறந்து கேட்கலாம். இப்படி வருகிற வக்கீலுக்குச் சம்பளம் கொடுப்பது சர்க்கார். ஆகையால் உங்களிடம் அவர் காசு கேட்டால் அது முறையல்ல, புகார் செய்யலாம்.

இது யாரோ போடுகிற பிச்சையுமல்ல. ஏழ்மையினால் யாருக்கும் நீதி கிடைக்காமல் போகக்கூடாது என்று அரசியல் சட்டத்தில் 39-ஏ என்ற பிரிவை 1976இல் சேர்த்தார்கள். 1986இல் சுக் தாஸ் என்பவருடைய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிற்று தெரியுமா? அவர் வக்கீல் வேண்டுமென்று கேட்கவில்லை. அப்படி ஒரு உரிமை இருப்பதே அவருக்குத் தெரியாது. கேட்காதது அவர் குற்றமல்ல, சொல்லாதது கோர்ட்டின் குற்றம் என்று சொல்லி, அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையையே ரத்துச் செய்துவிட்டார்கள். சட்டம் இவ்வளவு தூரம் வந்து கூப்பிடும்போது நாம் தரகர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது யார் குற்றம்?

பணக்காரர்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1999ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் டில்லியில் பெரிய இடத்துப் பிள்ளை ஒருவர் ஓட்டிய விலையுயர்ந்த கார் மோதி ஆறு பேர் செத்தார்கள். சஞ்சீவ் நந்தா வழக்கு என்று பேர்பெற்ற அந்த வழக்கு 13 வருஷம் நடந்தது. கடைசியாக 2012இல் சுப்ரீம் கோர்ட்டு, குற்றம் கொலைக்குச் சமமல்லாத மரண விளைவு என்று சொல்லியும், ஏற்கெனவே அனுபவித்த இரண்டு வருஷ ஜெயிலே போதுமென்றும், 50 லட்சம் ரூபாய் கட்டி இரண்டு வருஷம் சமூக சேவை செய்ய வேண்டுமென்றும் தீர்ப்புச் சொல்லிற்று. அதைச் சரியென்றோ தவறென்றோ இப்போது நாம் வாதாட வரவில்லை. ஆறு உயிர் போன வழக்கில் பதின்மூன்று வருஷம் பேச வக்கீல் கிடைத்தது. அதிகாரியைப் பார்க்கப் போகாத வழக்கில் பதின்மூன்று நிமிஷம் பேச நம் ஆட்டோக்காரருக்கு வக்கீல் கிடைக்கவில்லை என்றால், அதற்குப் பேர் நீதியா என்றுதான் கேட்கின்றோம். வண்டியேற்றி ஆளைக் கொன்றவர்களுக்கு இந்த நன்னடத்தைச் சலுகை கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டே 2000இல் தல்பீர் சிங் வழக்கில் கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறது. அது நியாயந்தான். சலுகைக்கு எல்லை உண்டு. ஆனால் வக்கீல் வைத்துக் கொள்ளும் உரிமைக்கு அந்த எல்லை கிடையாது.

ஒளிவதினால் பயனில்லை என்பதற்குத் தூரத்து உதாரணம் தேவையில்லை. 2023ஆம் வருஷத் தொடக்கத்தில் சென்னைப் போக்குவரத்துப் போலீசார், குடித்து ஓட்டினதற்கான அபராதத்தைக் கட்டாமல் இருந்தவர்களின் அசையும் சொத்தைக் கோர்ட்டு வாரண்டின் பேரில் ஜப்தி செய்யப் போவதாக அறிவித்தார்கள். ஓடுகிறவர் ஓடினாலும் அவருடைய வண்டி இங்கேதானே நிற்கும்?

வைத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெடுநாள் அதிகமாய்க் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரையில் வரக்கூடும். இது முனி அடித்ததல்ல; உடம்பு செய்கிற காரியம். இதற்கு மருந்து உண்டு. சர்க்கார் ஆஸ்பத்திரியில் மனநோய் வைத்தியரிடம் போனால் வழி சொல்லுவார்கள். அங்கே கொடுக்கிற சீட்டை எடுத்துப் பத்திரமாய் வைத்திருந்தால், முச்சலிக்கா தவறின வழக்கில் கயிற்றைவிட, விபூதியைவிட, சிபார்சுக் கடிதத்தைவிட அது பெரிய சாட்சி. திருந்துவதற்கு முயற்சி செய்கிறார் என்பதைக் கோர்ட்டுக்குக் காட்டுவது அதுதான்.

சர்க்காருக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. தமிழ்நாட்டில் 2003ஆம் வருஷம் முதல் சாராயச் சில்லறை வியாபாரத்தைச் சர்க்காரே டாஸ்மாக் மூலமாய் நடத்தி வருகிறது. விற்கிற கையும் அதுவே, பிடிக்கிற கையும் அதுவே. பிடிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் விற்கிற கடைக்குப் பெரிய பலகை வைக்கத் தெரிந்த சர்க்காருக்கு, பெரும்பாக்கத்துக் கட்டடம் ஒவ்வொன்றின் வாசலிலும் “இலவச வக்கீல் இங்கே கிடைப்பார்” என்று ஒரு சின்னப் பலகை வைக்கத் தெரியாதா? இதே பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு நிறுவனத்துக்குப் பெரிய கட்டடம் கட்டி 2022இல் திறந்தார்கள். இரண்டாயிரம் வருஷத்துத் தமிழுக்கு அங்கே இடமிருக்கிறது. அதே ஊர்க்காரர் கையெழுத்துப் போடும் முச்சலிக்காவில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் வாசித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டாமா? வாரத்துக்கு ஒரு நாளாவது ஒரு வக்கீலும் ஒரு நன்னடத்தை அதிகாரியும் குடியிருப்புக்கே வந்து உட்கார்ந்தால் பாதி வாரண்டுகள் தேவைப்படாமலே போகும்.

தோழர்களே! முனியப்பனுக்கு நீங்கள் கொடுத்த வாக்கைக் கேட்க ஆளில்லை. கோர்ட்டுக்குக் கொடுத்த வாக்கு ரோட்டில் நடக்கிற மனிதர்களுக்குக் கொடுத்த வாக்கு. அதில் தவறினால் அது விதியல்ல, தவறுதான். தவறியவர் செய்ய வேண்டியது மூன்றே காரியம்: வண்டியை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போவது, சம்மனைக் கையில் எடுத்துக்கொண்டு சட்டப் பணிகள் ஆபீசுக்குப் போவது, வாயிதா நாளில் வக்கீலோடு கோர்ட்டில் போய் நிற்பது. தரகருக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தைப் பெண்சாதி கையில் கொடுங்கள். மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அந்த முச்சலிக்காவை ஒரு தடவை முழுவதும் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற மகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.